ஏழாவது பந்தி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில், நீலக் கதவு போட்ட வீட்டில் சவுந்தரநாயகம் இருந்தார். கதவுக்கு மேலே ஒரு தகரப் பலகை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்த்துவிட்டு, வயதுக்கு முன்பே ஓய்வெடுத்து, முன்னறையில் மேசையும் தட்டச்சுப்பொறியும் போட்டு உட்கார்ந்தவர்.

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையின் சட்டத்தரணிகள் அவரைத் தேடி வருவதற்கு ஒரே காரணம்தான். அவர் ஒரு சொல்லையும் விடமாட்டார். முன்பு ஒரு வழக்கில் சாட்சிக்காரன் எதிராளியைத் தாயோடு சேர்த்துத் திட்டியதைச் சொல்ல, சவுந்தரநாயகம் முகம் மாறாமல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாராம். நீதிபதி, இதெல்லாம் தேவையா என்று கேட்டிருக்கிறார். "அவர் சொன்னது அதுதான், கனம் நீதிபதி அவர்களே" என்று பதில் வந்தது. இந்தக் கதையை அவருடைய மனைவி யோசெப்பின் வருகிறவர்களுக்குச் சொல்லுவார். கணவனைப் பற்றி அவருக்கிருந்த பெருமையே அதுதான்.

1997ஆம் ஆண்டு ஆடி மாதம் நேசமலர் அந்த வீட்டுக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணப் பக்கம் கோப்பாயில் தையல் வேலை செய்து ஒரே மகனை வளர்த்தவர். மகன் சிவரூபனுக்கு இருபத்திரண்டு வயது. அவனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக இரண்டு பேரும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை பொலிசார் லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். பதினாறு பெடியன்களைக் கொண்டுபோனார்கள். பதினைந்து பேர் பின்னேரம் திரும்பி வந்துவிட்டார்கள். சிவரூபன் வரவில்லை.

பத்து நாள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. பதினோராம் நாள் தாய்க்குக் காட்டினார்கள். அதற்கடுத்த கிழமை, அவன் சிங்களத்தில் ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்துவிட்டான் என்று சொன்னார்கள். சிவரூபனுக்குச் சிங்களத்தில் பஸ்ஸில் இறங்கும் இடம் கேட்கத்தான் தெரியும்.

சட்டத்தரணி ஹேமச்சந்திர என்பவர் அந்த வழக்கை எடுத்தார். நல்ல மனிதர், தமிழ் தெரியாது. தாய் கண்டதையும் கேட்டதையும் ஒரு சத்தியக்கடதாசியாக எழுதுவிக்கச் சொல்லி நேசமலரைச் சவுந்தரநாயகத்திடம் அனுப்பினார்.

"எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன் ஐயா. சொல்ல வெளிக்கிட்டால் அழுகை வந்திடும். அதுதான் எழுதினனான்" என்று நேசமலர் கொப்பித்தாள்கள் நான்கை நீட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப் போல வட்டமான எழுத்து. பதினொரு பந்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருந்தது.

"வச்சிட்டுப் போங்கோ தங்கச்சி. நாளைக்கு மூண்டு மணிக்கு வாங்கோ. இங்கிலீசில அடிச்சு வைக்கிறன்."

அன்று மத்தியானம் அவர் அடிக்கத் தொடங்கினார். ஆறு பந்தி தடையில்லாமல் ஓடியது. ஏழாவதில் நேசமலர் இப்படி எழுதியிருந்தார்:

"அன்று நான் மகனைப் பார்த்தேன். வலது கையை அவனால் தூக்க முடியவில்லை. காதிலிருந்து வந்த இரத்தம் சட்டைக் கழுத்தில் காய்ந்திருந்தது. அப்போது அங்கே நின்ற சார்ஜன்ட், கையொப்பம் வைத்தால் அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம், வைக்காவிட்டால் இன்றைக்கும் நேற்றைப் போலத்தான் என்று எனக்குக் கேட்கத் தமிழில் சொன்னார்."

சார்ஜன்ட்டின் பெயரும் இருந்தது. சவுந்தரநாயகம் விசையிலிருந்து கையை எடுத்தார்.

அந்தப் பெயர்க்காரர் நகரம் முழுக்கச் சுற்றுகிற ஒரு பிரிவைச் சேர்ந்தவர். மூன்று கிழமைக்கு முன் இந்த ஒழுங்கைக்கும் வந்து, வீட்டுப் பதிவுத்தாளைப் பார்த்து, சவுந்தரநாயகத்தின் மகன் கிளமென்றின் அடையாள அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தது என்று போட்டிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நல்ல தமிழில், "வெளிநாடு போக இருக்கிறாரோ மாஸ்டர்? போகுமட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். கிளமென்றுக்கும் இருபத்திரண்டு வயதுதான். விசாவுக்குக் காத்திருந்தான். இப்போது பக்கத்து அறையில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு தாளின் அடியிலும் சவுந்தரநாயகத்தின் பெயர், விலாசம், முத்திரை எல்லாம் வரும். ஏழாவது பந்தி ஆங்கிலத்தில் போனால் அந்தச் சார்ஜன்ட் கட்டாயம் வாசிப்பார். கீழே யாருடைய பெயர் என்றும் பார்ப்பார்.

முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். தங்கச்சி, எனக்கும் வீட்டில ஒரு பெடியன் இருக்கிறான், வேற ஆளைப் பிடியுங்கோ என்று தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நேசமலர் கோபித்திருக்கமாட்டார். அந்த நாட்களில் கொழும்பில் எல்லாரும் எல்லாருக்கும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். புதுக்கடையில் வேறு மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அரை மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு, ஏழு என்று இலக்கம் அடித்து, நேசமலரின் எட்டாவது பந்தியை அதற்கு நேரே அடித்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு நேசமலர் வந்து தாள்களைப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும்.

"நான் பதினொரு பந்தியெல்லே ஐயா எழுதினனான். இதில பத்துத்தான் கிடக்கு?"

"ரெண்டைச் சேத்துப் போட்டன் தங்கச்சி. இங்கிலீசில அப்பிடி எழுதுறதுதான் வழக்கம்."

"அந்தச் சார்ஜன்ட் சொன்னது? அது வந்திட்டுதோ?"

"ஓம். எல்லாம் வந்திட்டுது."

"எது ஐயா அது? ஒருக்காக் காட்டுங்கோ."

அவர் ஆறாவது பந்தியின் நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அது லொட்ஜ் முதலாளியிடம் மகனைப் பற்றி விசாரித்த செய்தி. நேசமலர் அந்த வரியை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

சத்தியம் பண்ணிக் கையொப்பம் வைக்க, இரண்டு பேருமாக அடுத்த தெருவிலிருந்த சமாதான நீதவான் ஷரீபிடம் போனார்கள். ஷரீப் கடைக்கணக்குக்கு நடுவில் தலையை உயர்த்தி, "எல்லாத்தையும் அவங்களுக்கு வாசிச்சு வெளங்கப்படுத்தினீங்கதானே மாஸ்டர்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் சவுந்தரநாயகம்.

நேசமலர் தமிழில் கையொப்பம் வைத்தார். சவுந்தரநாயகம், இது உண்மையானதும் சரியானதும் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே முத்திரை குத்தினார். கையெழுத்துத் தாள்கள் நான்கும் அவருடைய மேசையிலேயே தங்கிவிட்டன. அவற்றை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் மார்கழியில் கிளமென்ற் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தான். தொலைபேசியில் குரல் கேட்டபோது யோசெப்பின் அழுதார். சவுந்தரநாயகம் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார். இனிப் பயம் இல்லை, இப்போது ஹேமச்சந்திரவிடம் போய் ஒரு பந்தி விடுபட்டுப் போய்விட்டது என்று சொன்னால் போதும், தட்டச்சுப் பிழை என்றே சொல்லலாம் என்றெல்லாம் யோசித்தார். வழக்கு எடுபட இன்னும் காலம் இருக்கிறதுதானே என்று தள்ளிப்போட்டார். அப்படியே ஒன்றரை வருடம் போனது.

1999இல் மேல் நீதிமன்றத்தில் விசாரணை வந்தது. சிவரூபனுக்கு எதிராக இருந்தது அந்த வாக்குமூலம் ஒன்றுதான். அதை அடித்து வாங்கினார்கள் என்று காட்ட ஹேமச்சந்திரவிடம் இருந்த ஒரே சாட்சி தாய். நேசமலர் சாட்சிக் கூட்டில் ஏறி, கையைப் பற்றியும் காதைப் பற்றியும் சார்ஜன்ட் சொன்னதைப் பற்றியும் தடுமாறாமல் சொன்னார். அரச சட்டத்தரணி எழும்பி அவருடைய சத்தியக்கடதாசியைக் கையில் எடுத்தார். இதில் எங்கே அம்மா இவையெல்லாம் இருக்கின்றன என்று கேட்டார்.

"இருக்கு. நான் எழுதினனான்."

"காட்டுங்கள்."

நேசமலர் ஆறாவது பந்தியின் நடுவில் விரல் வைத்தார். அரச சட்டத்தரணி அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். லொட்ஜ் முதலாளியைப் பற்றிய வரி. மண்டபத்தில் ஒருவர் சிரித்தது கேட்டது.

அன்று மத்தியானம் ஹேமச்சந்திர சவுந்தரநாயகத்தை அழைப்பித்து, நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். "அந்த அம்மா இதை உங்களுக்கு எழுதித் தந்தாரா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். தந்திருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுவேன்."

இந்த நேரத்தில் கிளமென்ற் லண்டனில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தச் சார்ஜன்ட்டை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். சவுந்தரநாயகத்துக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. இருபத்திரண்டு வருடத்துப் பெயர் மட்டும் இருந்தது.

"இல்லை" என்றார். "அந்த அம்மா மிகவும் குழம்பிப்போயிருந்தார். அவர் தந்ததை அப்படியே அடித்தேன்."

ஹேமச்சந்திர தலையாட்டினார். அவருக்கு அதில் ஐயம் வரவில்லை. சவுந்தரநாயகம் சொல் விடமாட்டார் என்பது புதுக்கடை முழுக்கத் தெரிந்த விஷயம்.

வீட்டுக்கு வந்து அவர் அந்த நான்கு தாள்களையும் எடுத்துப் பின்வளவில் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். என்னத்தை எரிக்கிறியள் என்று யோசெப்பின் குசினிக்குள் இருந்து கேட்டார். பழைய கடதாசி என்றார்.

தாயின் சாட்சியம் பிறகு யோசித்துச் சேர்த்தது, நம்பத்தக்கதல்ல என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். சிவரூபனுக்குப் பதினைந்து வருடம் விழுந்தது. மேன்முறையீடும் தள்ளுபடியானது.

நேசமலர் லொட்ஜை விட்டு, ஹெந்தளையில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, தையல் மெசின் ஒன்றோடு இருந்தார். மகனைச் சிறையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போக மனமில்லை. சவுந்தரநாயகம் மாதம் ஒரு தரம் அவரைப் பார்க்கப் போனார். சவர்க்காரம், பால்மா, பனடோல், யோசெப்பின் செய்து கொடுக்கிற பருத்தித்துறை வடை. நேசமலருக்குக் காய்ச்சல் வந்த மாதங்களில் சிறைக்குத் தானே போய், வரிசையில் நின்று பார்சல் கொடுத்துவிட்டு வந்தார். உங்கட மனுசன் போல ஒரு ஆளை நான் காணேல்லை என்று, சிலவேளை கூடப் போகிற யோசெப்பினுக்கு நேசமலர் சொல்லுவார். யோசெப்பின் அதை வீட்டில் வந்து திரும்பச் சொல்லுவார். சவுந்தரநாயகம் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நேசமலர் மெசினில் இருந்து எழும்பாமலே சொன்னார்.

"அதை எழுதின நாளையில எனக்கு நித்திரை இல்லை ஐயா. மனசில எழுதினதைக் கடதாசியில எழுதினன் எண்டு நினைச்சிட்டன் போல. நான்தான் எழுத மறந்திருக்கிறன்."

சவுந்தரநாயகம் கொண்டுவந்த பால்மாவைக் கட்டிலில் வைத்தார்.

"பதினொண்டு எண்டு கேட்டனான் என்ன? அதுகூட என்ர பிழைதான். பத்துத்தான் எழுதியிருப்பன். ஐயா பாவம், எனக்கு மனம் நோகக்கூடாதெண்டு சேத்துப் போட்டன் எண்டு சொன்னனியள்." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பெத்த தாய் ஒரு வரியை மறந்துபோனன். அவனட்டயும் சொல்லிப்போட்டன், கம்பிக்கு அங்கால நிக்கேக்க. பரவாயில்லை அம்மா எண்டவன். அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் சரியாக் கதைக்கேல்லை."

சவுந்தரநாயகம் அதுவரை ஒரு கணக்கு வைத்திருந்தார். தண்டனையைக் கொடுத்தது நீதிமன்றம், அடித்தது பொலிஸ், ஒரு பந்தி இருந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும் என்பது அந்தக் கணக்கு. யாருக்கும் தெரியாத பிழை தன்னோடேயே கிடந்து தன்னோடேயே போய்விடும் என்று நினைத்திருந்தார். அது இந்தப் பின்னறைக்கு வந்து, வேறு ஆளுடைய பிழையாக இங்கேயே குடியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டார். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. வந்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

ஆனால் அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பை விட்டுவிட்டார். கண் சரியில்லை என்று சட்டத்தரணிகளிடம் சொன்னார். பலகையைக் கழற்றி வைத்தார். பூசையில் திவ்விய நற்கருணை வாங்கப் போகாமல் கடைசி வாங்கிலேயே இருந்தார். யோசெப்பின் அதைக் கவனித்துச் சண்டை பிடிக்க, 2003 தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முழுவதையும் சொன்னார்.

"ஆண்டவர் மன்னிப்பார். ஆனால் அந்தத் தாயினுடைய தலையில நீங்கள் வைச்சதை நீங்கள்தான் இறக்கவேணும்" என்றார் சுவாமியார்.

திங்கட்கிழமை காலை அவர் ஹெந்தளைக்குப் போனார். சமாதானக் காலம். பாதையில் சோதனைச்சாவடிகள் இல்லை, பஸ் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. நேசமலர் கட்டிலில் இருந்து துணி வெட்டிக்கொண்டிருந்தார். சவுந்தரநாயகம் உட்காரவில்லை.

"தங்கச்சி, நீங்கள் மறக்கேல்லை. ஏழாவது பந்தியில எழுதியிருந்தனீங்கள். நான் விட்டனான். தெரிஞ்சுதான் விட்டனான். என்ர மகனுக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயந்து."

நேசமலர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு அவருடைய முகம் இளகியது.

"இருங்கோ ஐயா. வெயிலில வந்திருக்கிறியள்."

"நான் சொல்லுறது விளங்குதோ?"

"விளங்குது. நான் என்னையே திண்டுகொண்டிருக்கிறனெண்டு உங்களுக்குக் கவலை. அதுக்காக உங்கட தலையில போடவேண்டாம்."

"இல்லை, சத்தியமா."

"அப்ப எங்க அந்தத் தாள்?"

"எரிச்சுப்போட்டன்."

நேசமலர் மெல்லச் சிரித்தார். அவர் சிரித்துச் சவுந்தரநாயகம் கண்டது அந்த ஒரு தரம்தான். "ஐயா, அப்பிடிச் செய்த ஒரு ஆள் நாலு வருசமா மாதாமாதம் வந்து பாப்பானோ? வெயிலுக்கையும் மழைக்கையும் போய் என்ர பிள்ளைக்குப் பார்சல் குடுப்பானோ? இப்பிடிக் கதைக்காதேங்கோ. கேக்கவே பயமாக் கிடக்கு."

அவர் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் நேசமலர் அழத் தொடங்கிவிட்டார். அதோடு நிறுத்தினார். இவ்வளவு காலமும் அவர் கொண்டுவந்த சவர்க்காரமும் பால்மாவும் சேர்ந்து அவருக்குச் சார்பாகச் சாட்சி சொல்லிவிட்டன. நேசமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்தார்.

நேசமலர் 2006 ஐப்பசியில் இறந்தார். நீரிழிவால் வந்த சிறுநீரக நோய். மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. ஊரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. வீட்டுக்காரரும் சவுந்தரநாயகமும் யோசெப்பினும் அயலட்டையில் நாலைந்து பேருமாகப் பிரேதத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குச் சிறைச்சாலை வாகனம் வந்தது. சிவரூபனுக்கு ஒரு மணித்தியாலம் அனுமதி. முப்பத்தொரு வயது, முன்தலையில் மயிர் இல்லை. கைவிலங்கோடு இரண்டு காவலர்களுக்கு நடுவில் வந்து, தாயின் கால்மாட்டில் நின்றான்.

சவுந்தரநாயகம் அவனுக்குப் பக்கத்தில் போனார்.

"ஐயா, உங்களைப் பற்றி அம்மா எந்த நாளும் சொல்லுவா" என்றான் சிவரூபன். "அண்டைக்கு அந்த வரியை மறந்ததுக்காக நான் அவவோட கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தனான். அதை நினைச்சால்தான்..."

"அவ மறக்கேல்லை தம்பி. எழுதினவ. நான்தான் அடிக்காமல் விட்டனான். அந்தச் சார்ஜன்ட்டுக்குப் பயந்து. ஹேமச்சந்திர கேட்டவர், அவருக்கும் பொய் சொன்னனான்."

சிவரூபன் திரும்பிப் பார்க்கவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாட்டச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். நம்பேல்லை."

"நான் நம்புறன்" என்றான் சிவரூபன்.

காவலர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கதவடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். யோசெப்பின் தலைமாட்டில் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று சவுந்தரநாயகத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"எழுதித் தருவியளோ?" என்று கேட்டான் சிவரூபன். "கையெழுத்து வைச்சு?"

"தாறன்."

அதற்குப் பிறகு அவன் அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய்க்கரிசி போடக் குனிந்தபோது விலங்கு பிரேதப் பெட்டியின் விளிம்பில் பட்டுச் சத்தம் போட்டது. நேரம் முடிந்ததும் போய்விட்டான்.

சவுந்தரநாயகம் அதே கிழமை தன்னுடைய சத்தியக்கடதாசியை எழுதினார். ஏழாவது பந்தியில் என்ன இருந்தது என்பதை, ஒன்பது வருடத்துக்குப் பிறகும், ஒரு சொல் விடாமல் எழுத அவரால் முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹேமச்சந்திரவின் அலுவலகத்துக்குப் போனார். ஹேமச்சந்திர வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மேன்முறையீடு முடிந்து எத்தனையோ காலம், பொதுமன்னிப்பு மனுவோடு சேர்த்து அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். வந்தவர்களைக் கதவுவரை கொண்டுபோய் விடுவது அவருடைய பழக்கம். அன்றைக்கு அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

மனு போனது. பதில் வரவில்லை. அந்தக் கடதாசியை ஹேமச்சந்திரவுக்குப் பிறகு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. தவறான மொழிபெயர்ப்புக்காக ஒருவரும் சவுந்தரநாயகத்தைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஜம்பட்டா வீதியில் அவரைக் காண்கிறவர்கள் முன்போலவே மாஸ்டர் என்று வணக்கம் சொன்னார்கள். யோசெப்பின் மட்டும் அந்தப் பழைய நீதிமன்றக் கதையைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

தண்டனையில் நன்னடத்தைக் கழிவு போக, சிவரூபன் 2008 கடைசியில் வெளியே வந்தான். ஹெந்தளையில் தாய் இருந்த அறைக்குப் போய், தையல் மெசினை எடுத்துக்கொண்டு போனதாக வீட்டுக்காரர் சொன்னார். எங்கே போனான் என்று அவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீலக் கதவில் யாராவது தட்டினால் சவுந்தரநாயகம் தானே எழும்பிப் போய்த் திறந்தார். சிவரூபன் கொட்டாஞ்சேனைப் பக்கம் வரவேயில்லை.